டயப்பர் இல்லாமல் வெளியே கிளம்புவது எப்படி? பயணங்களும் பின்னடைவுகளும்: முழுமையான வழிகாட்டி

வீட்டில் ஒரு வாரமாக ஜட்டி நனையவில்லை. அந்தத் தைரியத்தில் ஞாயிற்றுக்கிழமை குழந்தையை லால்பாக்குக்கு அழைத்துப் போகிறீர்கள். கண்ணாடி மாளிகையை எட்டுவதற்குள் இரண்டு முறை நனைந்துவிடுகிறது. திங்கட்கிழமை வீட்டிலும் நனைகிறது. செவ்வாய்க்கிழமை மறுபடியும் டயப்பர். என் மூத்த மகளுக்கு இதே வரிசையில்தான் எல்லாம் நடந்தது. பெங்களூரில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்திலும் ஒவ்வொரு ஆண்டும் இரண்டு மூன்று வீடுகளில் இதைப் பார்க்கிறேன்.

காரணம் எளிது. குழந்தை கற்றுக்கொண்டது "கழிவறைக்குப் போவது" அல்ல. நம் வீட்டுக் குளியலறையில், அந்த நீல ஸ்டூலில் கால் வைத்து, அம்மா வாசலில் நிற்கும்போது போவது என்பதைத்தான் அது கற்றிருக்கிறது. இடம் மாறினால் அதற்குப் பாடமே புதிது. ஆகவே வெளியே போவதைத் தனியாக, படிப்படியாகக் கற்றுத்தர வேண்டும். வீட்டுக்குள் முதல் பயிற்சியை முடித்தவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. வீட்டில் இவை மூன்றும் இருக்கின்றனவா?

முதலாவது, ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஜட்டி காய்ந்திருக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறக்குறைய 100 மில்லி, அதாவது அரை டம்ளர் அளவுதான் கொள்ளும். அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிப்பதே பெரிய வேலை. அது வீட்டில் கைவராமல் பூங்காவில் கைவராது.

இரண்டாவது, அவசரம் இல்லாத நேரத்திலும், அழைத்தால் வந்து உட்கார்ந்து முயற்சி செய்ய வேண்டும். தானாக வந்து சொல்வது பிறகு வரும் திறமை, அதற்காகக் காத்திருக்காதீர்கள். விளையாட்டில் மூழ்கிய குழந்தை சொல்லாது. வெளியே உங்களுக்குக் கைகொடுப்பது "அழைத்தால் போகும்" பழக்கம் மட்டுமே.

மூன்றாவது, மலம் இளக்கமாக, வலியில்லாமல், ஒழுங்காகப் போக வேண்டும். எல்லோரும் தாண்டிப் போகும் இடம் இது. ஏன் என்பதைப் பத்தாவது பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

வயதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் தயாராகின்றன. அடுத்த வீட்டுக் குழந்தை எப்போது பழகியது என்பது உங்கள் குழந்தையின் உடலுக்குத் தெரியாது.

2. ஒரே சொல், ஒரே ஒலி

பெங்களூரு வீடுகளில் இது தனிச் சிக்கல். வீட்டில் "உச்சா", மழலையர் பள்ளியில் "சுசு", பார்த்துக்கொள்ளும் ஆயா சொல்வது வேறொன்று. மலத்துக்கு நாம் "கக்கா" என்போம். பள்ளியில் ஆங்கிலத்தில் "பாட்டி" (potty) என்பார்கள். என் இளையவன் அந்தச் சொல்லைக் கேட்டதும், வேலூரில் இருக்கும் பாட்டியிடம் போவதாக நினைத்துச் செருப்பைத் தேடிப் போய் நின்றான். தமிழ்க் குழந்தைக்கு அந்தச் சொல் கழிவறையைக் குறிக்கவே குறிக்காது.

ஒரு சொல்லை முடிவு செய்யுங்கள். அதைப் பள்ளியிலும் ஆயாவிடமும் எழுதிக் கொடுங்கள். குழந்தை எந்த மொழியில் சொன்னாலும் ஓடிவர வேண்டியது பெரியவர்கள் பொறுப்பு.

அதோடு ஓர் ஒலியையும் பழக்குங்கள். நம் பாட்டிகள் குழந்தையைத் தூக்கிப் பிடித்து "உஸ்ஸ்ஸ்" என்று சொல்வார்களே, அதுதான். வீட்டில் சிறுநீர் வரத் தொடங்கும் கணத்தில் ஒவ்வொரு முறையும் அந்த ஒலியை எழுப்புங்கள். பத்துப் பன்னிரண்டு நாளில் ஒலியும் செயலும் ஒட்டிக்கொள்ளும். வெளியே நீல ஸ்டூலை எடுத்துப்போக முடியாது. இந்த ஒலியை எங்கும் எடுத்துப்போகலாம். வெளியிடப் பயிற்சியில் எனக்கு இதைவிட உதவியது வேறில்லை.

3. முதல் வெளியிடம்: பக்கத்து வீடு

நேராகப் பூங்காவுக்குப் போகாதீர்கள். ஒரு வாரத்தில் மூன்று புதிய குளியலறைகளைக் காட்டுங்கள்: பக்கத்து வீடு, தெரிந்த அத்தை வீடு, அடுக்ககத்தின் கீழ்த்தளக் கழிவறை. மூன்றில் ஒன்று இந்தியன் கழிவறையாக இருந்தால் நல்லது. புது வீடுகளில் வெஸ்டர்ன் மட்டும் இருப்பதால், நம் குழந்தைகள் குந்தி உட்காரும் கழிவறையை முதன்முதலில் பார்ப்பதே ஊரில்தான். அங்கே போய் மிரளுகிறார்கள்.

முதல் நாள் பார்த்துவிட்டு வந்தால் போதும். விளக்கைப் போட்டுக் காட்டுங்கள், குழாயைத் திறந்து காட்டுங்கள். இரண்டாம் நாள் ஆடையோடு உட்காரட்டும். மூன்றாம் நாள், வழக்கமாகப் போகும் நேரத்தில் அழைத்துப் போய் ஒலியை எழுப்புங்கள். தெரிந்தவர் வீடு என்பதால் கூட்டமில்லை, அவசரமில்லை, நாற்றமில்லை. பயப்பட வேண்டிய காரணங்களைக் குறைத்துவிட்டு, இடத்தை மட்டும் மாற்றுகிறோம்.

4. பை

முதல்நாள் இரவே கட்டி வாசலில் வையுங்கள். காலையில் கட்டினால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும்.

மூன்று ஜட்டி, மூன்று கால்சட்டை, ஒரு மேல்சட்டை. இன்னொரு ஜோடிச் செருப்பு: இதை மறக்காதவர்களே இல்லை. சிறுநீர் காலில் வழிந்து காலணிக்குள் போகும்; நனைந்த ஷூவோடு இரண்டு மணி நேரம் அலைய முடியாது. துணிக்காலணியைத் தவிர்த்து, கழுவினால் காயும் ரப்பர் செருப்பைப் போட்டுவிடுங்கள். பருத்தித் துண்டு இரண்டு, பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று, இறுக்கி மூடக்கூடிய உறை இரண்டு, கழுவுவதற்குத் தனியாக ஒரு பாட்டில் தண்ணீர், டிஷ்யூ, சோப்புத்தாள். பழைய செய்தித்தாள் நான்கு தாள். ஒட்டும் குறிப்புச்சீட்டுக் கட்டு ஒன்று. அது எதற்கென்று ஆறாவது பகுதியில் வரும்.

மடித்து வைக்கும் பிளாஸ்டிக் இருக்கை கடைகளில் கிடைக்கிறது. வாங்கினால் இரண்டு வாரம் வீட்டிலேயே பயன்படுத்திவிட்டுப் பிறகு வெளியே எடுத்துப் போங்கள். புது இடத்தில் புது இருக்கையையும் கொடுத்தால் இரண்டு பயம் சேரும்.

ஆடை இடுப்பில் எலாஸ்டிக் உள்ளதாக இருக்கட்டும். பொத்தான் வைத்த ஜீன்ஸ், தோள்பட்டையோடு சேர்ந்த உடை எல்லாம் மூன்று மாதத்துக்கு அலமாரியில் இருக்கட்டும். "வருகிறது" என்று குழந்தை சொன்ன பிறகு உங்களுக்குக் கிடைப்பது அரை நிமிடம்கூட இல்லை.

5. முதல் சுற்று: நாற்பது நிமிடம்

முதல் முறை வெளியே நாற்பது நிமிடம் போதும். கிளம்பும் நேரமும் முக்கியம். சாப்பிட்டவுடன் குடல் அசையத் தொடங்கும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அடுத்த அரை மணி நேரத்துக்குள் மலம் வரும். எனவே காலைச் சாப்பாட்டுக்குப் பின் முக்கால் மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். அதற்குள் வீட்டிலேயே ஒரு முறை உட்காரட்டும்.

கிளம்பும்போது வரிசை இது: கழிவறை, ஆடை, செருப்பு, கதவு. செருப்பு போட்ட பிறகு "ஒரு முறை போய் வா" என்றால் எந்தக் குழந்தையும் வராது. அதன் மனம் லிஃப்டில் இருக்கும்.

போய்ச் சேர்ந்ததும் முதலில் கழிவறை, பிறகு ஊஞ்சல். கப்பன் பூங்கா சுமார் 300 ஏக்கர், லால்பாக் 240 ஏக்கர். நடுவில் நின்றுகொண்டு கழிவறை எங்கே என்று தேடினால் எட்ட முடியாது. எந்த வாசலுக்கு அருகில் இருக்கிறது என்று முன்பே பார்த்து, அதைச் சுற்றி விளையாடுங்கள். முதல் சில வாரங்களுக்குத் தெருமுனைப் பூங்காவே போதும். லால்பாக்கின் குடியரசு நாள், சுதந்திர நாள் மலர்க்கண்காட்சிகளைத் தள்ளிப்போடுங்கள். அங்கே கழிவறை வரிசையே குழந்தையின் பொறுமையைவிட நீளம்.

சுற்று நீளும்போது ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரில் முக்கால் மணிக்கு ஒரு முறை. குளிரில் வியர்வை குறையும், சிறுநீர் கூடும். சென்னையில் சரியாக இருந்த இடைவெளி பெங்களூரு மார்கழியில் போதாது.

"உச்சா வருகிறதா?" என்று கேட்காதீர்கள். "இல்லை" என்பதுதான் பதிலாக வரும். "உச்சா போய்விட்டு வந்து சறுக்கலாம்" என்று சொல்லுங்கள். வேண்டுமா என்ற கேள்வியே எழாது. அடுத்து நடப்பது என்ன என்று மட்டும் குழந்தைக்குத் தெரியும்.

நனையக்கூடாது என்று தண்ணீரைக் குறைப்பது பெரிய தவறு. படித்தவர்களும் இதைச் செய்கிறார்கள். தண்ணீர் குறைந்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல் தரும், மலம் இறுகும். இரண்டுமே நனைவதை அதிகமாக்கும். அளவைக் குறைக்காமல், ஒரே மூச்சில் குடிப்பதை மட்டும் சிறு சிறு மிடறுகளாக மாற்றுங்கள்.

6. பொதுக் கழிவறைக்குள்

குழந்தை இங்கே அழுதால் அடம் என்று எண்ண வேண்டாம். வீட்டில் இல்லாத மூன்று சத்தங்கள் இங்கே இருக்கின்றன: தானாகப் பாயும் தண்ணீர், கை உலர்த்தும் இயந்திரம், எதிரொலி.

மால்களில் உள்ள தானியங்கித் தண்ணீர்த் தொட்டிதான் பெரிய எதிரி. குழந்தை அசையும்போதெல்லாம், அதிலுள்ள சிவப்புக் கண் போன்ற சென்சார் ஆள் எழுந்துவிட்டதாக நினைத்துத் தண்ணீரைத் திறந்துவிடும். உட்கார்ந்திருக்கும்போதே அடியில் பேரிரைச்சல். ஒரு முறை நடந்தால் போதும். இரண்டு மாதம் எந்த வெளிக் கழிவறைக்குள்ளும் வராது. உள்ளே நுழைந்ததும் அந்தக் கண்ணின் மேல் ஒட்டுச்சீட்டை ஒட்டுங்கள். குழந்தையைக் கொண்டே ஒட்டச் செய்யுங்கள். "கண்ணை மூடிவிட்டோம், இனி நாம் சொன்னால்தான் தண்ணீர் வரும்" என்றதும் என் மகளின் தோள் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

பிறகு வரிசையாக: இருக்கையைத் துடையுங்கள். ஆடையை முழங்காலோடு விடாமல் ஒரு காலையாவது முழுதாகக் கழற்றுங்கள்; கால்கள் அகன்றால்தான் சிறுநீர் முழுவதும் வெளியேறும். கால்கள் தொங்கக் கூடாது. உங்கள் தொடையின்மேலோ பையின்மேலோ பாதம் ஊன்றட்டும். பாதம் அந்தரத்தில் இருந்தால் அடிவயிற்றுத் தசை தளராது, பாதியில் நின்றுவிடும், பத்து நிமிடம் கழித்து மீதி ஜட்டியில் போகும். "இப்போதுதானே போனாய்" என்று நாம் கோபப்படும் பல தருணங்களுக்குக் காரணம் இதுதான்.

ஆண் குழந்தையும் முதலில் உட்கார்ந்தே போகட்டும், சற்று முன்பக்கம் சாய்ந்து. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவித் துடையுங்கள்; திருப்பிச் செய்தால் சிறுநீர்த் தொற்றுக்கு வழி.

இந்தியன் கழிவறையில் குழந்தையின் முதுகு உங்கள் மார்பில் சாய, இரு தொடைகளுக்கும் கீழே கை கொடுத்துத் தூக்கிப் பிடியுங்கள். பள்ளத்தில் விழுந்துவிடுவோம் என்ற பயம் போய்விடும். ஒலியை எழுப்புங்கள். இரண்டு நிமிடம் காத்திருங்கள். வராவிட்டால் "சரி, பிறகு பார்க்கலாம்" என்று இயல்பாக வெளியே வாருங்கள். ஐந்து, பத்து நிமிடம் பிடித்து வைத்தால் அடுத்த முறை உள்ளேயே வராது.

குழந்தை வெளியே போன பிறகு தண்ணீர் விடுங்கள்.

7. நகரத்துக்குள் வண்டியில்

சில்க் போர்டு சந்திப்பில் ஒரு மணி நேரம் நிற்கப்போகிறோமா, பத்து நிமிடமா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே தூரத்தை வைத்துத் திட்டமிடாமல், மோசமான நேரக் கணக்கை வைத்துத் திட்டமிடுங்கள்.

முதல் மாதத்தில் முடிந்தவரை மெட்ரோவில் போங்கள். சில நிமிடத்துக்கு ஒரு நிலையம் வரும், இறங்கிக்கொள்ளலாம். பெரும்பாலான நிலையங்களில் கழிவறை உண்டு. எந்தப் பக்கம் என்று உள்ளே நுழையும்போதே ஊழியரிடம் கேட்டுவிடுங்கள். வைட்ஃபீல்டிலிருந்து செல்லகட்டா வரை 43 கிலோமீட்டர் ஊதாப் பாதையை ஒரே மூச்சில் கடக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நடுவில் இறங்கி ஏறலாம்.

கார், ஆட்டோ என்றால் உட்காரும் முன் பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் துண்டு. வாடகை வண்டியில் இது ஓட்டுநருக்கு நாம் காட்டும் மரியாதையும்கூட. ஆண் குழந்தைக்கு அகன்ற வாய் உள்ள பாட்டில் ஒன்றை வண்டியில் வைத்திருங்கள். வீட்டில் ஒரு முறை அதில் போகப் பழக்கிவிட்டு எடுத்துப் போங்கள். பெண் குழந்தைக்கு மடிப்பு இருக்கையும் அதற்கான உறையும்.

அவசரத்தில் எங்கே ஓடுவது? நின்றுகொண்டே சாப்பிடும் சிறு உணவகங்களான தர்ஷினிகளை நம்ப வேண்டாம். பலவற்றில் கைகழுவும் குழாய் மட்டுமே இருக்கும். உட்கார்ந்து சாப்பிடும் பெரிய ஓட்டல், பெட்ரோல் பங்க், மருத்துவமனை, மால் என்ற வரிசையில் பாருங்கள். "மகுவிகெ அர்ஜெண்ட்டு, டாய்லெட் எல்லிதெ?" (குழந்தைக்கு அவசரம், கழிவறை எங்கே இருக்கிறது?) என்ற கன்னட வாக்கியத்தைப் பாட்டனாரிலிருந்து ஆயா வரை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுங்கள். குழந்தைக்கு என்று சொன்னால் இந்த ஊரில் என்னை யாரும் மறுத்ததில்லை.

8. ஊருக்குப் போவதும் கல்யாண வீடும்

மூன்று மணி நேரத்துக்கு மேற்பட்ட முதல் பயணத்துக்கு டயப்பர் வேண்டாம் என்று பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆனால் போடும் முறை உண்டு: முதலில் ஜட்டி, அதன்மேல் கழற்றி மாட்டும் டயப்பர். நனைந்தால் குழந்தைக்கு ஈரம் தெரியும், இருக்கை நனையாது. அதற்குப் "பயண ஜட்டி" என்று பெயர் வையுங்கள். அதைப் போட்டிருந்தாலும் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை கழற்றிக் கழிவறைக்கு அழைத்துப் போங்கள். இறங்கியதும் கழற்றிவிடுங்கள், ஊரில் நாள் முழுவதும் தொடர்ந்தால் அது பயணத்துக்கானது என்பது குழந்தைக்குப் புரியாது.

ரயிலில் போகும்போது வண்டி புறப்பட்டு ஆட்டம் அதிகமாகும் முன் ஒரு முறை அழைத்துப் போங்கள். காட்பாடிக்குப் போகும் வழியில் பங்காரப்பேட்டை, ஜோலார்பேட்டையில் வண்டி மெதுவாகும் நேரம் நல்ல வாய்ப்பு. ஆட்டம் குறைவு, இரைச்சல் குறைவு. தூக்கிப் பிடித்தே போக விடுங்கள். டயப்பரையும் துடைத்தாளையும் அந்தக் கழிவறைக்குள் போடாதீர்கள். இப்போதுள்ள உயிரிக் கழிவறைத் தொட்டி அடைத்துக்கொள்ளும். சாலை வழியென்றால் ஓசூரில் ஒரு நிறுத்தம், கிருஷ்ணகிரியில் ஒரு நிறுத்தம். குழந்தை தூங்கினால் எழுப்ப வேண்டாம்.

கல்யாண மண்டபம் இவை எல்லாவற்றையும்விடக் கடினம். ரோஸ்மில்க், பாயசம், ஐஸ்கிரீம் என்று யார் யாரோ கொடுப்பார்கள். மேளச்சத்தத்தில் குழந்தை சொல்வது கேட்காது. பட்டுப்பாவாடையைத் தூக்கிப் பிடிக்கவே ஓர் ஆள் வேண்டும். முகூர்த்தப் படம் எடுக்கும் அரை மணி நேரம் மட்டும் பட்டு. மற்ற நேரம் பருத்திக் கவுன். குழந்தைக்கென்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்: ஒரு மணி நேரம் அப்பா, அடுத்த மணி நேரம் சித்தி. "எல்லோரும் பார்த்துக்கொள்கிறார்கள்" என்றால் யாரும் பார்க்கவில்லை என்று பொருள்.

9. நனைந்துவிட்டால்: மூன்று நிமிடம்

முதலில் குழந்தையின் முகம் மற்றவர்கள் பக்கம் இல்லாதபடி திருப்பித் தூக்கிக்கொள்ளுங்கள். "நனைந்துவிட்டது, மாற்றலாம்" என்ற இரண்டே சொல் போதும். கழிவறைக்கு, அல்லது ஓர் ஓரத்துக்குப் போய் ஒரு முறை உட்கார வையுங்கள். மீதி இருந்தால் வரட்டும். ஈரத்தை உடல் உணர்ந்த அந்தக் கணத்தில் உட்கார்ந்தால்தான் எங்கே போயிருக்க வேண்டும் என்பது மனத்தில் பதியும். பிறகு கழுவுங்கள், துடையுங்கள், மாற்றுங்கள். ஈர ஆடையைக் குழந்தையே உறைக்குள் போடட்டும். அது தண்டனை அல்ல. வேலையின் கடைசிப் படி.

நனைந்த இடத்தில் செய்தித்தாளை விரித்து உறிஞ்சவிட்டுத் தண்ணீர் ஊற்றித் துடையுங்கள். கோயிலில் நடந்தால் பதற வேண்டாம். அங்கிருப்பவரிடம் சொல்லி வாளித் தண்ணீர் கேட்டுக் கழுவிவிடுங்கள். ஆடையை வீட்டில் முதலில் பச்சைத் தண்ணீரில் அலசிய பிறகு துவையுங்கள்.

"ஷேம் ஷேம் பப்பி ஷேம்" என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்துங்கள். மாமியாராக இருந்தாலும், மூத்த அத்தையாக இருந்தாலும் பணிவோடு, ஆனால் குழந்தையின் காதில் விழும்படி, "அப்படிச் சொல்ல வேண்டாம் அத்தை, அவள் கற்றுக்கொண்டிருக்கிறாள்" என்று சொல்லுங்கள். வெட்கப்பட்ட குழந்தை நனைப்பதை நிறுத்தாது. நனைந்ததைச் சொல்வதை நிறுத்திவிடும். அடுத்து மலத்தை அடக்கத் தொடங்கும். அங்கிருந்துதான் உண்மையான தொல்லை ஆரம்பிக்கிறது.

10. பின்னடைவு வந்தால் முதலில் வயிற்றைப் பாருங்கள்

மூன்று வாரம் நன்றாக இருந்த குழந்தை திடீரென்று நாளுக்கு நான்கு முறை நனைக்கிறது. பெரும்பாலான பெற்றோர் பொறாமை, அடம், கவனத்தை ஈர்க்கும் முயற்சி என்று மனத்தில் காரணம் தேடுகிறார்கள். நான் முதலில் கேட்பது, "கடைசியாக எப்போது மலம் போனது? எப்படி இருந்தது?" என்பதைத்தான். பாதிப் பேருக்குப் பதில் தெரிவதில்லை.

மலக்குடலும் சிறுநீர்ப்பையும் அடுத்தடுத்து இருக்கின்றன. இறுகிய மலம் தேங்கினால் அது சிறுநீர்ப்பையை அழுத்தும். பைக்கு இடம் குறையும். திடீரென்று அவசரமாக வரும். குழந்தை எவ்வளவு முயன்றாலும் நனையும். ஒரு முறை வலித்தால் குழந்தை அடுத்த முறை அடக்கும், அடக்கினால் இன்னும் இறுகும், இன்னும் வலிக்கும். திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிவது, நுனிக்காலில் விறைத்து நிற்பது, காலைப் பின்னிக்கொள்வது ஆகியவற்றை முக்குவதாக நாம் நினைக்கிறோம். பெரும்பாலும் அது அடக்குவது.

ஜட்டியில் அடிக்கடி சிறு கறையாக மலம் ஒட்டுவதைப் பேதி என்று எண்ணி மருந்து கொடுத்துவிடாதீர்கள். கட்டியாகத் தேங்கிய மலத்தைச் சுற்றிக் கசிந்து வருவதாக இருக்கலாம்.

ஒரு வாரம் நாட்காட்டியில் குறியுங்கள்: மலம் போன நாள், கட்டியா இளக்கமா. பாலின் அளவைப் பாருங்கள். சாப்பிட மாட்டேன் என்ற குழந்தைக்கு நாளுக்கு முக்கால் லிட்டர் பால் கொடுத்துவிட்டு மலச்சிக்கல் என்று வருந்துபவர்களை நிறையப் பார்க்கிறேன். 400 மில்லியைச் சுற்றி நிறுத்துங்கள். பப்பாளி, கொய்யா, ஊறவைத்த உலர் திராட்சை, கீரை மசியல், போதுமான தண்ணீர். காலை, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஐந்து நிமிடம், பாதத்துக்கு ஸ்டூல் வைத்து உட்கார்வது.

வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு, விளக்கெண்ணெய் வேண்டாம். பெரியவர்கள் அன்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் ஆசனவாயில் எதையாவது நுழைத்தால் குழந்தையின் பயம் இரட்டிப்பாகும், புண்ணும் ஆகலாம். ஒரு வாரத்தில் இளகாவிட்டால் குழந்தை மருத்துவரிடம் போங்கள். மலத்தை இளக்கும் மருந்தை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கொடுக்கச் சொல்வார். நான்கு நாள் நன்றாகப் போனதும் நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் பொதுவான தவறு. விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்பக் காலம் வேண்டும்.

11. வயிறு சரியென்றால் வீட்டைப் பாருங்கள்

தம்பி பிறந்திருக்கிறானா? வீடு மாறினீர்களா? ஆயா மாறினாரா? தாத்தா பாட்டி ஊருக்குத் திரும்பினார்களா? காய்ச்சல் வந்து போனதா? இவற்றில் ஒன்று இருந்தால் இரண்டு மூன்று வாரம் பொறுத்திருங்கள்.

அந்த நாட்களில் முழு டயப்பருக்குத் திரும்பாமல் ஒரே ஒரு படி பின்னால் போங்கள். நெடும்பயணத்தில் இருந்தவர்கள் பூங்காவுக்கு, பூங்காவில் இருந்தவர்கள் பக்கத்து வீட்டுக்கு. தானாகப் போன குழந்தையை மறுபடியும் ஒன்றரை மணிக்கு ஒரு முறை அழைத்துப் போங்கள். எந்தப் படியில் மூன்று நாள் தொடர்ந்து காய்ந்திருக்கிறதோ அங்கிருந்து மேலேறுங்கள்.

தம்பியின் டயப்பரைப் பார்த்து "எனக்கும்" என்று கேட்டால், ஒரு முறை மாட்டிவிடுங்கள். என் மகள் மூன்று நிமிடத்தில் கழற்றி எறிந்துவிட்டாள்.

இரவில் நனைவதை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். தூக்கத்தில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் ஹார்மோன் சரியாக வேலை செய்வது தனி வளர்ச்சி. பகலில் பழகி ஓரிரு ஆண்டு கழித்தும் இரவு நனையலாம். ஐந்து வயதுவரை மருத்துவர்கள் அதைக் கோளாறாகக் கருதுவதில்லை.

12. பள்ளியிடம் சொல்ல வேண்டியவை

நான்கே செய்திகள், ஒரு தாளில்: குழந்தை சொல்லும் சொல், போகும் இடைவெளி, உட்காரும் முறை, நனைந்தால் நீங்கள் சொல்லும் வாக்கியம். சேரும் நாளுக்கு முன்பே அந்தக் கழிவறையைக் குழந்தைக்குக் காட்டக் கேளுங்கள். ஓர் இடத்தில் என் மகனை இடைவேளை மணி அடித்தால்தான் அனுப்புவோம் என்றார்கள். அவன் காலை முழுவதும் அடக்கிவைத்து வீட்டு வாசலில் நனைத்தான். பேசினேன், மாறவில்லை, வேறு பள்ளி பார்த்தோம்.

13. நிறுத்த வேண்டிய நேரமும் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரமும்

கழிவறை என்றாலே குழந்தை அழுகிறது, வீட்டிலும் ஒரு நாளைக்கு ஒரு முறைகூடச் சரியாகப் போவதில்லை, உங்கள் குரல் உயர்ந்துகொண்டே இருக்கிறது: இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு மாதம் நிறுத்துங்கள். "உன் உடம்பு இன்னும் கொஞ்சம் வளரட்டும், பிறகு பார்க்கலாம்" என்று அமைதியாகச் சொல்லி டயப்பர் போடுங்கள். அந்த மாதத்தில் மலத்தை இளக்கமாக வைத்திருப்பது மட்டுமே வேலை. பிறகு முதல் பகுதியிலிருந்து தொடங்குங்கள்; இரண்டாம் முறை பெரும்பாலும் விரைவாகப் போகும்.

கீழுள்ளவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர் கழிக்கும்போது அழுகை, காய்ச்சல், கடும் நாற்றம், சிறுநீரில் இரத்தம் இருந்தால் தொற்றுக்கான பரிசோதனை அன்றே வேண்டும். சிறுநீர் சொட்டுச்சொட்டாக மட்டும் வந்தாலோ, நடையில் மாற்றம் தெரிந்தாலோ காட்டுங்கள். தீராத தாகம், அடிக்கடி நிறையச் சிறுநீர், எடை குறைவு ஆகியவை சேர்ந்து வந்தால் அன்றே இரத்தச் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு குழந்தைக்கும் நீரிழிவு வரும். மருத்துவரிடம் போகும்போது பத்தாவது பகுதியில் சொன்ன நாட்காட்டியைக் கையில் எடுத்துப் போங்கள்.